சொத்தை எந்த இடத்தில் என்று கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்

போன மாசியில், காபிப் பழம் பறித்து முடித்த கையோடு, ஏற்காட்டு எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி எங்கள் சென்டருக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் பெரிய கவர். கவருக்குள் ஓபிஜி படம், அதாவது இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுக்கும் பெரிய எக்ஸ்ரே. மூன்று மாதம் முன்பு வேறு ஓர் இடத்தில் எடுத்தது. "முப்பத்திரண்டு பல்லும் ஒரே படத்துல வந்திருச்சுங்க அம்மணி. சொத்தை ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏனுங்க இந்தப் பக்கம் இனிப்புப் பட்டா சுருக்குங்குது?" என்று வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். மேல் வலது பக்கம் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நடுவில் இடுக்கே இல்லாமல் ஒரே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இடுக்கில் என்ன இருந்தாலும் அந்தப் படம் சொல்லாது. அவரை அனுப்பிய பல் மருத்துவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைட்விங், அதாவது பல்லிடுக்கைக் காட்டும் சின்ன எக்ஸ்ரே, எழுதினார். ஐந்து நிமிட வேலை. பல்லின் கெட்டியான மேல் ஓடான எனாமலைத் தாண்டி உள்ளே இறங்கிய கறுப்பு முக்கோணம் கம்ப்யூட்டர் திரையில் தெளிவாக நின்றது.

சேலம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருபத்திரண்டு வருஷமாகப் பல் எக்ஸ்ரே எடுக்கிறேன். இருட்டறையில் பிலிம் கழுவி, கிளிப்பில் மாட்டி, மின்விசிறிக்குக் கீழே காயவைத்த காலத்திலிருந்து இந்த வேலைதான். வைத்தியம் சொல்வது மருத்துவர் பொறுப்பு. எந்தப் படம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. பெரிய மெஷின் என்றால் எல்லாம் தெரியும் என்று நம்பி, வலியோடு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எந்த இடத்துச் சொத்தை?

சொத்தை பிடிக்கும் முக்கிய இடங்கள் நான்கு. கடைவாய்ப் பல்லின் மென்று அரைக்கும் பக்கத்துக் குழிகள். பல்லும் பல்லும் ஒட்டும் இடுக்கு. ஈறு இறங்கியபின் வெளியே தெரியும் வேர்ப் பகுதி. ஏற்கெனவே அடைத்த பில்லிங்குக்கும் கேப்புக்கும் அடியில். ஒவ்வொன்றையும் காட்டும் கருவி வேறு. "சொத்தை இருக்கிறதா, ஒரு எக்ஸ்ரே எடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். மருத்துவரிடம் எந்தப் பல், எப்போது வலிக்கிறது, குளிருக்கா, இனிப்புக்கா, கடிக்கும்போதா, சாப்பிட்டபின் எந்த இடுக்கில் சோறு மாட்டுகிறது என்று சொல்லுங்கள். ஒரே இடுக்கில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் நாராய் நாராய்ப் பிய்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். படம் எதுவென்று தீர்மானிக்க அவருக்கு இதுதான் கைகொடுக்கும்.

இடுக்குச் சொத்தையை மாங்காய்க்காரர்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபம். மல்கோவாவை அறுத்துப் பார்த்தால்தான் கொட்டைக்குள் வண்டு இருப்பது தெரியும்; தோலில் ஓட்டையே இருக்காது. பிஞ்சிலேயே உள்ளே போனது, போன வழி ஆறி மூடிவிட்டது. இடுக்குச் சொத்தையும் இப்படித்தான், மேலே பார்த்தால் பல் முழுசாக இருக்கும். எனாமலில் ஊசி முனையளவு வழி, அடியில் இருக்கும் டென்டினில் அகலமான சேதம்.

படத்துக்கு முன்னால் கண்

மென்று அரைக்கும் பக்கத்துக் குழிச் சொத்தைக்கு எக்ஸ்ரேயைவிடக் கண் மேல். எக்ஸ்ரேயில் அது தெரிவதற்குள் பெரும்பாலும் டென்டினுக்குள் இறங்கியிருக்கும். ஆனால் பார்க்கிற விதம் முக்கியம். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, காற்று அடித்து, ஐந்து விநாடியாவது உலர்த்திப் பார்க்க வேண்டும். எச்சில் ஈரத்தில் ஆரம்பப் புள்ளி மறைந்துகொள்ளும். உலர்த்தினால் மட்டும் தெரியும் வெள்ளைப் புள்ளி இளசு. ஈரத்திலேயே தெரிந்தால் இன்னும் ஆழம் போயிருக்கிறது. இதை 0 முதல் 6 வரை தரம் பிரிக்க ஐசிடாஸ் என்று ஒரு முறை உண்டு. கூர்மையான ஊசியைக் குழியில் அழுத்திக் குத்திப் பார்க்கும் பழைய பழக்கத்தை இப்போது வேண்டாம் என்கிறார்கள். தானாகத் தேறக்கூடிய மேல் படலம் அந்தக் குத்தில் உடைந்துவிடலாம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு அதிகமாவதால் வரும் பாதிப்பு) தணிப்பும் சேர்ந்திருக்கிறது. போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைக் கோடும் காவித் திட்டும் இருக்கும். அவற்றை யாரும் சொத்தை என்று நினைத்துவிடலாம். என் மேல் முன்பற்களிலும் அந்தத் திட்டு உண்டு. ஓமலூரைத் தாண்டிய கிராமத்தில் போர் தண்ணீரில்தான் வளர்ந்தேன். இருபத்தைந்து வயதில் ஓர் இடத்தில் "நாலு பல்லையும் சொத்தைக்கு ராவி அடைக்கணும்" என்றார்கள். பயந்துபோய் இன்னொரு மருத்துவரிடம் போனேன். அவர் உலர்த்திப் பார்த்து, வலது இடது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திட்டு இருப்பதைக் கண்ணாடியில் காட்டினார். ஃபுளோரோசிஸ் பல் முளைக்கும் முன்பே படிவது, அதனால் ஜோடிப் பற்களில் ஒரே உயரத்தில் வரும். சொத்தை அழுக்குத் தங்கும் இடத்தில், ஈறு ஓரத்திலும் இடுக்கிலும், ஒழுங்கில்லாமல் வரும். அந்த நாலு பல்லும் இன்றைக்கும் ராவாமல் முழுசாக இருக்கின்றன.

இடுக்குக்கு பைட்விங்

1925இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோவர்ட் ரேப்பர் கொண்டுவந்த முறை இது. நூறு வருஷம் ஆகியும் கடைவாய் இடுக்குச் சொத்தைக்கு இதுதான் எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். படம் பதியும் சின்ன சென்சாரை நாக்குப் பக்கம் வைத்து, அதிலிருந்து நீளும் சிறகு மாதிரிப் பட்டையைக் கடித்துக்கொள்ள வேண்டும். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் ஈறுக்கு வெளியே தெரியும் பாகம் ஒரே படத்தில் வரும். வேர் நுனி வராது. அது இந்தப் படத்தின் வேலையும் இல்லை.

பைட்விங்கின் உயிர் கோணத்தில் இருக்கிறது. கதிர் இரண்டு பல்லுக்கு நடுவே நேராக நுழைந்து போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பல்லின் எனாமல் அடுத்ததன் மேல் ஏறிவிடும். படம் கைக்கு வந்ததும் நீங்களே பார்க்கலாம்: சந்தேகப்பட்ட இடுக்கில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாவது பல்லையும் பல்லையும் பிரிக்கிறதா? பிரிக்காமல் வெள்ளையாக ஏறிக்கிடந்தால் அந்த இடுக்கைப் பற்றி அந்தப் படத்தை நம்பி முடிவு எடுக்க முடியாது. "இந்த இடுக்கு திறக்கவில்லையே" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டெக்னீஷியன் கோபப்பட மாட்டார்.

உங்கள் பங்கும் இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்; குமட்டும். மூக்கால் மூச்சு விடுங்கள். குமட்டல் அதிகம் இருப்பவர்களுக்கு நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்துவிட்டு, ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வேன். கவனம் காலுக்குப் போவதற்குள் படம் முடிந்திருக்கும். சென்சாரின் முனை அண்ணத்தில் குத்தினால் தாங்கிக்கொண்டு தலையைச் சாய்க்காதீர்கள். கையைத் தூக்குங்கள், மாற்றி வைக்கிறோம்.

படத்தை வாசிக்கும் விதம்: எனாமல் நல்ல வெள்ளை, டென்டின் சாம்பல், நடுவில் நரம்பு இருக்கும் அறை கறுப்பு. இடுக்குச் சொத்தை, பற்கள் ஒட்டும் புள்ளிக்குச் சற்று ஈறுப் பக்கமாக ஒரு சின்ன முக்கோணமாகத் தொடங்கும். அகன்ற பக்கம் வெளியே, கூர் உள்ளே. எனாமலும் டென்டினும் சேரும் எல்லையைத் தொட்டதும் அங்கே இன்னொரு முக்கோணம் விரியும். ஈறு ஓரத்தில் பல்லின் கழுத்தைச் சுற்றிப் பட்டையாகத் தெரியும் கறுப்பைக் கண்டு பலர் பயப்படுவார்கள். அந்த இடத்தில் பல் மெலிது, கதிர் சுலபமாக ஊடுருவிவிடுகிறது. பெரும்பாலும் அது சொத்தை இல்லை. சந்தேகம் என்றால் மருத்துவர் அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இதில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. தாது முப்பது நாற்பது சதவீதம் கரைந்தபிறகுதான் எக்ஸ்ரேயில் நிழல் விழும். ஆகவே படத்தில் தெரிவதைவிட உண்மைச் சொத்தை எப்போதும் கொஞ்சம் ஆழம். அதற்காகத் தெரிந்த நிழலையெல்லாம் ராவவும் கூடாது. நிழல் எனாமலுக்குள்ளேயே நின்றிருந்து மேல்பரப்பு உடையாமலும் இருந்தால், ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இடுக்கை நூலால் சுத்தம் செய்து, இனிப்பைக் குறைத்து, அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பல ஆரம்பச் சொத்தைகள் அங்கேயே நின்றுவிடும். "படத்தில் நிழல் இருக்கிறது, உடனே அடைக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் எனாமலிலா, டென்டினிலா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பல பல் தப்பியிருக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் 2012இல் சேர்ந்து சொன்ன கணக்கு: சொத்தை அபாயம் அதிகமுள்ள பெரியவர்களுக்கு 6 முதல் 18 மாதம், அபாயம் குறைந்தவர்களுக்கு 24 முதல் 36 மாதம், அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதம். பால்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்து கண்ணுக்கே தெரிகிறது என்றால் குழந்தைக்குப் பைட்விங்கே வேண்டாம்.

ஓபிஜி ஏன் தவறவிடுகிறது

பின்லாந்தின் இர்யோ பாடேரோ வளர்த்தெடுத்த முறை இது. எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கம், சென்சார் மறுபக்கம், இரண்டும் தலையைச் சுற்றி வரும்போது லாட வடிவில் ஒரு அடுக்கு மட்டும் தெளிவாகப் பதியும். அந்த அடுக்கை விட்டு விலகியதெல்லாம் மங்கும். கழுத்து முதுகெலும்பின் நிழல் முன்பற்கள் மேல் விழும். முன்கடைவாய்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நுணுக்கமும் குறைவு: ஓபிஜி ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 5 ஜோடிக் கோடுகளைப் பிரித்துக் காட்டும் என்றால், வாய்க்குள் வைக்கும் சென்சார் அதைப்போல இரண்டு மடங்காவது காட்டும். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அங்குலத்துக்கு எத்தனை இழைங்கற மாதிரிங்களா?" என்றார். அதேதான்.

ஓபிஜி வேண்டாத படம் இல்லை. ஞானப்பல் படுத்துக் கிடக்கிறதா, தாடையில் நீர்க்கட்டி உண்டா, எலும்பு முறிந்திருக்கிறதா, பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனை பல் உள்ளே இருக்கிறது என்றெல்லாம் பார்க்க அதற்கு ஈடு இல்லை. பெரிய சொத்தையும் தெரியும். "ஓபிஜியில் சொத்தை தெரியவில்லை" என்பதைச் "சொத்தை இல்லை" என்று எடுத்துக்கொண்டதில்தான் மேஸ்திரிக்கு மூன்று மாதம் போனது.

ஓபிஜிக்கு வரும் பெண்களுக்கு: கம்மல், ஜிமிக்கி, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒரு பக்கத்துக் கம்மல் எதிர்ப்பக்கம் பேய் நிழலாக விழுந்து கடைவாயை மறைக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். முன்னும் பின்னும் எவ்வளவு கீழே இறங்குமோ அவ்வளவு இறக்கி, படத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஒற்றைப் பல் படம், சிபிசிடி

ஐஓபிஏ, ஆர்விஜி என்று சீட்டில் எழுதிவரும் ஒற்றைப் பல் படம் வேர் நுனிவரை காட்டும். ராத்திரி தூங்கவிடாத வலி, கடித்தால் உயிர் போகும் வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், சொத்தைக்கும் நரம்புக்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்வி, இவற்றுக்கு இதுதான்.

முப்பரிமாணம் என்று எல்லாரும் கேட்கும் சிபிசிடியைச் சொத்தை தேடுவதற்காக மட்டும் எடுக்காதீர்கள். உலோக பில்லிங்கோ கேப்போ இருந்தால் அதன் பக்கத்தில் கறுப்புக் கீற்றுகள் விழும். நல்ல பல்லும் சொத்தை மாதிரித் தெரியும். இம்ப்ளான்ட், நரம்புக்குப் பக்கத்தில் கிடக்கும் ஞானப்பல், சிக்கலான வேர் சிகிச்சை ஆகியவற்றுக்கு அது அருமையான கருவி. செலவும் ஒற்றைப் படத்துக்குச் சில நூறு என்றால் இதற்கு ஆயிரங்களில் போகும்.

கதிர் இல்லாத கருவிகள்

பக்கத்து நாமக்கல் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே என்ன என்று பார்ப்பது போல, பல்லுக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறை உண்டு. நல்ல எனாமல் ஒளியை விடும். சொத்தை தடுத்துக் கறுக்கும். முன்பல் இடுக்குக்கு மருத்துவரின் கண்ணாடியும் விளக்குமே போதும். கடைவாய்க்கு, 780 நானோமீட்டர் அளவில் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சிக் கேமராவில் படம் எடுக்கும் டயக்னோகேம் போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. எனாமலில் தொடங்கிய சொத்தையை இவை நன்றாகக் காட்டும். நரம்புக்கு எவ்வளவு தூரம் என்பதை இவை சொல்லாது. ஐடெரோ ஸ்கேனர் மாதிரி, திரும்பி வரும் ஒளியைப் படமாக்குபவற்றில் சொத்தை வெளுப்பாகத் தெரியும், கறுப்பாக இல்லை. எந்த வகைக் கருவி என்று கேட்காமல் படத்தைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

டயக்னோடென்ட் என்ற லேசர் பேனா 655 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் காட்டும். குழிச் சொத்தைக்குத் துணையாக நல்லது. வெற்றிலைக் கறை, பற்காரை, தேய்த்தபின் குழியில் தங்கிய பற்பசை எல்லாம் எண்ணை ஏற்றிவிடும். எங்கள் ஊர் ஃபுளோரோசிஸ் பல்லிலும் எண்ணைத் தனியாக நம்ப முடியாது. எண் பெரிதாக வந்தது என்பதற்காக மட்டும் ராவச் சம்மதிக்காதீர்கள். நீல ஊதா ஒளியில் பல் பச்சையாகவும் சில இடம் சிவப்பாகவும் ஒளிரும் படம் காட்டினால், அந்தச் சிவப்பு கிருமிகள் விட்ட பொருள். நாள்பட்ட அழுக்கும் அப்படியே ஒளிரும், சுத்தம் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்குள் விடும் சாதாரணக் கேமரா பெரிதாக்கிக் காட்டும் போட்டோதான். உடைந்த பில்லிங்கை உங்கள் கண்ணால் பார்க்க உதவும், உள்ளே புகுந்து பார்க்காது.

கதிர் பயம்

"கதிர் பட்டா ஏதாவது ஆயிடுங்களா?" என்று கேட்காத நாள் இல்லை. மண், பாறை, வானம், சாப்பாடு என்று இயற்கையில் நாம் வாங்கும் கதிர் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு). நாளைக்கு ஆறேழு. வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு டிஜிட்டல் படம் 1 முதல் 8, ஆக ஒருநாள் கணக்கு. ஓபிஜி சுமார் 3 முதல் 24. சிபிசிடி எடுக்கும் பரப்பைப் பொறுத்துப் பத்துகளில் தொடங்கி ஆயிரம்வரை போகும். கர்ப்பம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். அவசரமான படத்தை மறுக்க வேண்டியதில்லை, காத்திருக்கக் கூடியதைத் தள்ளிவைக்கலாம். கதிரைச் சரியாக ஒடுக்கினால் ஈயக் கவசம் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் சொல்லிவிட்டது. நான் குழந்தைகளுக்குப் பைட்விங் எடுக்கும்போது கழுத்துப்பட்டை போடுகிறேன். ஓபிஜியில் போட மாட்டேன், அது படத்தையே மறைக்கும். மெஷின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவானதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய பில்லிங் உள்ளவர்கள் அது எந்த வருஷம் போட்டது என்று சொல்லுங்கள். பல் நிறத்துப் பழைய பில்லிங் சில எக்ஸ்ரேயில் கறுப்பாக விழுந்து சொத்தை வேஷம் போடும்.

கடைசியாக, படத்தைக் கோப்பாகவே வாங்குங்கள். சாதாரணத் தாளில் அச்சடித்ததில் எனாமல் நிழல் கரைந்துபோகும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். தேதியும் வலது இடதும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தமுறை அதே கோணத்தில் எடுத்து ஒப்பிட அதுதான் வேண்டும்.

மேஸ்திரிக்கு வலது பக்கச் சொத்தை நரம்பைத் தொடவில்லை. வேர் சிகிச்சை இல்லாமல் பில்லிங்கோடு முடிந்தது. இடது பைட்விங்கில் எனாமலுக்குள் நிற்கும் சின்ன நிழல் ஒன்று இருந்தது. அதை ராவவில்லை, வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். நாளைக்கு ஆறு தரம் குடித்த சர்க்கரைக் காபியை இரண்டாகக் குறைத்திருப்பதாகச் சொன்னார். வருகிற மாசியில், பழம் பறிப்பு முடிந்ததும், இடது பக்கம் மட்டும் ஒரு பைட்விங். மறக்காமல் இருக்க அவருடைய கவரின் மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.